பட்டாளமும் சோற்றுப் பொட்டலமும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது டவுனுக்கு வந்துவிட்டோம். உங்கள் எழுத்தை என் மகன்தான் கைப்பேசியில் எடுத்துக் காட்டுவான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மை முடித்துவிட்டு மலேசிய ராணுவத்தில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. என் அண்ணன் சொல்கிறார்: "நம்ம ராணுவம் என்ன சண்டை போடுது? வெள்ளம் வந்தா படகு தள்ளுறாங்க, கொரோனா வந்தா ரோட்ல நிக்கிறாங்க, இல்லாட்டி யாரோட சண்டைக்கோ லெபனானுக்குப் போயி காவல் காக்குறாங்க. அதுக்கு இங்கயே செக்யூரிட்டி வேலைக்குப் போயிடலாம். நம்மவங்களுக்கு அங்க மேல போகவும் வழி இல்ல." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு சின்ன நாட்டுக்கு ராணுவம் எதற்கு? வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நமக்கு என்ன லாபம்? இவனை அனுப்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

உண்மையைச் சொன்னால், என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் மகன் அல்ல, என் பெரியம்மா. எண்பதைத் தாண்டியவர். கொஞ்ச நாளாக அவர் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் பால்வெட்டைப் பற்றிக் கேட்டாலும் கடைசியில் தோட்டத்து முள்வேலி கேட்டில்தான் வந்து நிற்பார். அந்தக் கேட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் உங்கள் அண்ணனை முடித்துவிடுகிறேன். ஒட்டுக்கடையில் தே ஆறுவதற்குள் பேசி முடிக்கிற பேச்சு இது. சண்டை போடாத ராணுவமாம். அவர் குடியிருக்கிற ஊர் எது? 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த 12 வருட அவசரகாலம் அங்கேதான் பிறந்தது. 1960இல் அது முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். கம்யூனிஸ்டுகள் 1968இல் மறுபடி துப்பாக்கி எடுத்தார்கள். 1989 டிசம்பர் 2ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் காடு அடங்கியது. கிரீக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் உங்கள் அண்ணன் எப்போதாவது போயிருப்பார். அந்தச் சாலையைப் போட்ட எழுபதுகளில் பொதுப்பணித்துறை ஆட்களுக்குப் பக்கத்தில் காவல் நின்றவர்கள் பட்டாளத்துக்காரர்கள். மண்வாரி இயந்திரங்களைக் குண்டு வைத்துத் தகர்த்த காலம் அது.

படகு தள்ளுகிறார்களாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். ராணுவம் ஏன் வந்தது என்று அங்கே ஒருவரும் கோபப்படவில்லை. உதவி வர ஏன் இத்தனை நேரம் என்றுதான் கொதித்தார்கள்.

லெபனான் விஷயத்தில் உங்கள் கேள்வி நியாயமானது, ஆனாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். 1957இல் சுதந்திரம் வாங்கிய நாடு 1960இலேயே ஐ.நா. அமைதிப்படையில் கொங்கோவுக்கு ஆள் அனுப்பியது. கொழுப்பெடுத்து அனுப்பவில்லை. சின்ன நாட்டுக்கு அடி விழுந்தால் போய் முறையிட ஓர் இடம் வேண்டும். நமக்கும் விழுந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நாளில், 1964 செப்டம்பரில், ஜொகூரில் லாபிஸ் பக்கம் அவர்களுடைய பாராசூட் வீரர்கள் வந்து இறங்கினார்கள். அதுவும் நம்மவர்கள் வாழ்ந்த தோட்டப் பகுதிதான். மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குப் போனது. பெரும்பான்மை நம் பக்கம் நின்றது. சோவியத் யூனியன் வீட்டோ போட்டுத் தீர்மானத்தைக் கவிழ்த்தது. அடுத்த ஜனவரியில் அதே மன்றத்தில் நமக்கு இடம் கிடைத்தது என்பதற்காக இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. அந்த மன்றத்தில் நம் பேச்சை நாலு பேர் கேட்க வேண்டுமானால் அடுத்தவன் வீட்டு நெருப்புக்கும் நாம் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோயிருக்க வேண்டும். நமீபியா, பொஸ்னியா, கிழக்குத் தீமோர், 2007 முதல் லெபனான் என்று போனதெல்லாம் அந்த வாளிகள்தான். சோமாலியாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1993 அக்டோபரில் மொகடிஷு நகருக்குள் மாட்டிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க நம்முடைய கொண்டோர் கவச வண்டிகளும் பாகிஸ்தானின் டாங்கிகளும் போயின. வண்டியை ஓட்டியவர்கள் நம் ஆட்கள். நம் வீரர் மாட் அஸ்னான் அவாங் அங்கே உயிரை விட்டார். செக்யூரிட்டி வேலையோடு ஒப்பிடுகிற உங்கள் அண்ணன் அந்தப் பெயரை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

அவர் போகட்டும். கேட்டுக்கு வருகிறேன்.

1950இல், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களை விலக்கி வைக்க, பிரிக்ஸ் என்ற ஆங்கிலேய ஜெனரலின் திட்டம் வந்தது. காட்டோரச் சீனர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, பிய்த்து ஒரே இடத்தில் நட்டு, சுற்றி முள்கம்பி போட்டதை நம்மவர்களே சரியாக எழுதி வைக்கவில்லை. காட்டில் இருப்பவனைப் பட்டினி போட வேண்டும் என்பதுதான் கணக்கு. காட்டில் இருப்பவனுக்குச் சோறு எங்கிருந்து போகும்? ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவளின் சோற்றுத் தூக்கிலிருந்து போகும். ஆகவே அவள் தூக்கைத் திற. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்து வைக்க முடியாதபடி. சில வட்டாரங்களில் அரிசி விற்பதையே நிறுத்திவிட்டுப் பொதுச் சமையல்கட்டில் வடித்த சோற்றை மட்டும் கொடுத்தார்கள். வடித்த சோறு ஊசிப்போகும் அல்லவா? அதற்காகத்தான். யோசித்துச் செய்தவர்கள் மூளைக்காரர்கள். ராணுவக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதை வெற்றிக்கதையாகப் படிக்கிறார்கள்.

பெரியம்மா அப்போது சின்னப் பிள்ளை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் நிற்காமல் அம்மா பின்னாலேயே ஓடுவாராம். விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு கேட்டில் வரிசை. பெண்களைச் சோதிக்கத் தனியாக ஒரு பெண். ஒரு நாள் பிள்ளைக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கைப்பிடிச் சோற்றை அவிழ்த்து மண்ணில் கொட்டினார்களாம். அம்மாவை அடித்தார்களா என்று கேட்டேன். "அடிக்கல. குனிஞ்சு பொறுக்கப் போனா. பொறுக்காதேன்னு துப்பாக்கியக் காட்டுனான்" என்றார். காட்டியவர் போலீஸா, வெள்ளைக்காரச் சிப்பாயா, கூர்க்காவா, மலாய்ப் பட்டாளமா என்று நான் விடாமல் கேட்டேன். சலிப்போடு சொன்னார்: "சட்டதாண்டா தெரிஞ்சிச்சு. மூஞ்சிய யாரு பாத்தா?"

2020இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவரை ஈப்போ மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சாலைத் தடுப்பில் போலீஸோடு ராணுவமும் நின்றது. ஒரு மலாய்ப் பையன், உங்கள் மகனைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான், குனிந்து பின் சீட்டைப் பார்த்தான். பெரியம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, அடையாள அட்டையை நீட்டி, "நாசி தா அடா, நாசி தா அடா" என்றார். சோறு இல்லை, சோறு இல்லை. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவி பசி என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சாலையோரம் போய்த் தன்னுடைய சோற்றுப் பொட்டலத்தை, நாசி புங்குஸை, எடுத்து வந்து, "அம்பில் நெனெக்", எடுத்துக்கொள்ளுங்கள் பாட்டி, என்று சன்னல் வழியாக நீட்டினான். இவர் கையை நீட்டவே இல்லை. நான்தான் வாங்கி வைத்தேன். மருத்துவமனை போய்ச் சேரும்வரை, "வாங்காதடா, நாளைக்குக் கணக்கு கேப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பையன் நல்லவன். ஆனால் அவன் நல்லவனாக இருந்தது நம் அதிர்ஷ்டம். சட்டைக்குள் யார் இருக்கிறார் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது என்பதுதான் என் கட்சி. இதற்கு நான் பிஜிக்குப் போக வேண்டியிருக்கிறது. கோபிக்காமல் கூட வாருங்கள்.

1879 மே 14ஆம் தேதி லியோனிடாஸ் என்ற கப்பல் இந்தியக் கூலிகளோடு பிஜியில் கரை தட்டியது. கரும்புத் தோட்டத்துக்கு. 1903க்குப் பிறகு மதராஸிலிருந்தும் கப்பல் போனது. நம் பங்காளிகள் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போரில் படையில் சேரச் சொன்னபோது அங்கிருந்த இந்தியர்கள் வெள்ளைக்காரனுக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பெரும்பாலோர் சேரவில்லை. கேட்டது நியாயம்தான். ஆனால் படை முழுக்கப் பூர்வகுடி பிஜிக்காரர்களுடையதாகவே நின்றுவிட்டது. அந்தப் படை 1952இல் எங்கே வந்தது தெரியுமா? இங்கே, மலாயாக் காட்டுக்கு, நம் அவசரகாலத்துக்கு. நாலு வருடம் இருந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனார்கள். 1978இல் ஐ.நா. தொப்பியோடு லெபனான் போனார்கள். அங்கேயும் நல்ல பெயர். அத்தனை சின்னத் தீவுக்கு உலகம் முழுக்க மரியாதை.

1987 மே 14, லியோனிடாஸ் வந்த அதே தேதி. லெபனானில் பணியாற்றித் திரும்பிய லெப்டினன்ட் கர்னல் ரம்புகா முகமூடி போட்ட வீரர்களோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, ஒரு மாதமே ஆன அரசைக் கவிழ்த்தார். அந்த அரசில் இந்தியர்கள் நிறைய இருந்தார்கள், அதுதான் குற்றம். ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதியாக இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டுப் போனார்கள். ரம்புகா மறுபடி பிரதமராகி, 2023 மே மாதம் இந்தியச் சமூகத்திடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டது பெரிய மனசு. ஆனால் அன்றைக்கு அந்தப் படைக்குள், "இது என் மாமன் வீடு, இங்கே நான் துப்பாக்கியோடு போகமாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்? லெபனானில் அடுத்தவர் சண்டையை விலக்கக் கற்றுக்கொண்ட படைக்கு வீட்டில் அந்தப் பாடம் ஞாபகம் வரவில்லை. பெரிய நாட்டுப் பட்டாளம் எல்லைக்குப் போய்விடும். சின்ன நாட்டுப் பட்டாளத்துக்கு முக்கால்வாசி வேலை ஊருக்குள்தான்: வெள்ளம், சாலை, தடுப்பு, ஊரடங்கு. 1969 மே மாத இனக்கலவரத்தில் கோலாலம்பூர்த் தெருவில் நின்றதும் அதுதான். ஊருக்குள் வேலை செய்கிற படைக்குள் ஊரில் உள்ள எல்லாரும் இருக்க வேண்டாமா?

நம்மவர்களுக்குப் பட்டாளம் ஒத்துவராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1943இல் நேதாஜி வந்து கூப்பிட்டபோது பால்வாளியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள் நம் ஆட்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் துப்பாக்கி பிடித்தார்கள். ஒத்துவராமல் போனது பிறகு. 1933இல் போர்ட்டிக்சனில் 25 பேரோடு தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கென்றே தொடங்கப்பட்டது, அதை நாம் மாற்ற முடியாது. பிற படைப்பிரிவுகளின் கதவு திறந்திருந்தபோதும் நாம் வாசலிலேயே நின்றோம் என்பதைத்தான் நான் சண்டைக்கு எடுக்கிறேன். பாதிப் பழி ஆள் எடுப்பவர்கள்மேல், பாதி நம்மேல். பிள்ளையை டாக்டராக்க நிலத்தை விற்போம், சிப்பாயாக்கச் சொன்னால் சாமியாடுவோம்.

மேலே போக வழியில்லை என்ற பேச்சு இருக்கிறதே, 1967 டிசம்பரில் நம் கடற்படைக்குத் தலைவரானவர் பெயர் தனபாலசிங்கம். அந்தப் பதவிக்கு வந்த முதல் உள்நாட்டுக்காரர். வயது 31. ஒரு தனபாலசிங்கத்தைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பிறகு ஏன் அதிகம் இல்லை என்று கேட்க, வரிசையில் நிற்க ஆளாவது வேண்டுமே.

மகனை அனுப்புங்கள். பயமாக இருக்கும். பெற்ற வயிறு, இருக்கத்தான் செய்யும். அதை அவனிடம் மறைக்க வேண்டாம். ஆனால் அண்ணன் சொன்னார் என்று தடுக்காதீர்கள், அண்ணனா அவனோடு கேட்டில் நிற்கப்போகிறார்? மருத்துவப் பரிசோதனை, உயரம், எடை இதையெல்லாம் என்னிடம் கேட்டால் தெரியாது. ஓய்வு பெற்ற ரேஞ்சர் படைப்பிரிவு வீரர் ஒருவர் நம் டவுனிலேயே சந்தைக்குப் பின்னால் இருக்கிறார், தமிழர்தான், லெபனான் போய் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் அழைத்துப்போகிறேன். உங்கள் அண்ணனும் வரலாம், தே செலவு என்னுடையது.