வாசகர் கேள்வி–பதில்: மடகாஸ்கர் நாற்றும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரும்

கேள்வி: 2030ஆம் ஆண்டுக்குள் உலகில் பசியே இராது என்று ஐ.நா. அறிவித்ததே, அது நடக்குமா? (வாசகி, சேரன்மகாதேவி)

பதில்: நடக்கும் என்று ஐ.நா. அமைப்புகளே இப்போது சொல்வதில்லை. 2015இல் உலக நாடுகள் கூடி ஏற்ற இலக்கு அது. 2024இல் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியுடன் இருந்தார்கள் என்றும், 2030இலும் 51 கோடிப் பேர் அந்நிலையில் இருப்பார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள் என்றும் ரோமாபுரியில் தலைமையகம் கொண்ட ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் அதன் தோழமை அமைப்புகளும் வெளியிட்ட 2025ஆம் ஆண்டு அறிக்கை கணிக்கிறது. போரும் வறட்சியும் விலையேற்றமும் இதற்குக் காரணங்கள். உலகில் விளையும் தானியம் போதாமை அன்று.

கேள்வி: ரோமாபுரியில் கூடிப் பேசுகிறவர்களால் எங்கள் பிசானப் பருவ நெல் சாகுபடிக்கு என்ன பயன்? (விவசாயி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: கூட்டத் தீர்மானங்களால் நேரடிப் பயன் குறைவு; எங்கோ ஒருவர் கண்டறிந்த முறை நாடு விட்டு நாடு வந்து சேர்வதில்தான் பயன் இருக்கிறது. நம் பக்கத்தில் ஒற்றை நாற்று நடவு என்று சொல்லப்படும் திருந்திய நெல் சாகுபடி, மடகாஸ்கர் தீவில் பணியாற்றிய ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் அங்குள்ள ஏழை விவசாயிகளுடன் சேர்ந்து உருவாக்கியது. பதினான்கு நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, வயலில் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சி, உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவதே அதன் சாரம். ஏக்கருக்கு இரண்டு, மூன்று கிலோ விதை போதும். 2003–04இல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு விவசாயிகளின் வயல்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தபோது, வழக்கமான நடவில் எக்டேருக்குச் சராசரியாக 5.7 டன் கண்ட இடத்தில் இம்முறையில் 7.2 டன் கண்டது. பின்னர் உலக வங்கிக் கடனில் நடந்த நீர்வளத் திட்டத்தின் வழியாகவும் இது மாநிலமெங்கும் பரப்பப்பட்டது.

இவ்வளவு விளைந்தும் ஏன் எல்லோரும் தொடரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கயிறு பிடித்து இளநாற்றை ஒவ்வொன்றாக நடப் பழகிய ஆட்கள் கிடைப்பதில்லை. சேற்றில் களைக்கருவியைத் தள்ளுவது தோளை முறிக்கும் வேலை. ஆனால் என் கணிப்பில் பெரிய தடை தண்ணீர்தான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும் என்கிறது. தண்ணீரும் மிஞ்சும், வயலிலிருந்து எழும் மீத்தேனும் குறையும். கிணற்றுப் பாசனக்காரருக்கு இது எளிது. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், அதுவும் மேல்வயல் வழிந்து கீழ்வயலுக்கு வரும் இடத்தில், இன்று வடித்த தண்ணீர் வேண்டும்போது திரும்ப வருமா என்ற அச்சத்தில் கடைமடைக்காரர் வரப்பை உயர்த்தித் தேக்கிக்கொள்வதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளை உறுதி செய்யாமல் குழாயை மட்டும் கொடுப்பதால் பலனில்லை.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாருவதும் பசியை ஒழிக்கும் பணியில் சேருமா? (மாணவர், மானூர்)

பதில்: சேரும். இலங்கையின் வறண்ட பகுதியில், மேற்குளம் நிரம்பிக் கீழ்க்குளத்துக்கு நீர் தரும் தொடர்குள அமைப்பை, உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் மரபுகளின் பட்டியலில் உணவு வேளாண்மை அமைப்பு சேர்த்திருக்கிறது. இந்தியாவிலிருந்து அப்பட்டியலில் குட்டநாடும் கோராபுட்டும் காஷ்மீரக் குங்குமப்பூ வயல்களும் இருக்கின்றன. ஒரு குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிறைக்கும் நம் மானாவாரிக் குளங்கள் அதில் இல்லை. பட்டியலில் ஏறுவது பிறகு ஆகட்டும். குளத்தில் படிந்த வண்டலான கரம்பையை வயலுக்கு அடித்துக்கொள்ள விவசாயிகளுக்கு அரசு அனுமதி தருகிறது. அப்போது ஒரே இடத்தில் பள்ளம் தோண்டாமல் குளம் முழுவதும் சீராக அள்ளவும், நீர்வரத்துக் கால்வாயையும் மடையையும் அதே கோடையில் சரிசெய்யவும் உங்கள் ஊரார் பார்த்துக்கொள்ள வேண்டும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால், குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் ஐப்பசி மழையில் அது நிறையாது.