வாசகர் கேள்விகள்: மாவட்டச் செய்தியாளரும் சமூகப் பணியும்

கேள்வி: இதழியல் படித்த என் மகள் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களின் மாவட்டச் செய்தியாளராக வேண்டும் என்கிறாள். கல்லூரி நாள் முதல் இரத்ததானக் குழு ஒன்றிலும் இருக்கிறாள். இந்தத் தொழிலை நம்பலாமா? இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?
– வாசகர் ஒருவர், மயிலாடுதுறை

பதில்: வருமானத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவட்டங்களில் ஆகாசவாணி அமர்த்தும் பகுதிநேரச் செய்தியாளர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் மாதம் ஒரு தொகை பெறுகிறார்கள். தனியார் தொலைக்காட்சிகளுக்காக உழைக்கும் பலருக்கோ, ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்பதே கணக்கு. தொடக்க ஆண்டுகளில் குடும்பத்தின் துணை உங்கள் மகளுக்குத் தேவைப்படும்.

ஆனால், பணியின் மதிப்பு பெரிது. 1960களில், உங்கள் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டே உழவர்கள் பலர் அதைப் பயிரிட்டார்கள். ‘ரேடியோ நெல்’ என்றே அதை அழைக்கவும் செய்தார்கள். எந்த விதை, எந்தப் பருவம், எவ்வளவு உரம் என்று உழவர் மறுநாளே பயன்படுத்தக்கூடிய தகவலை அவருக்குப் புரியும் பேச்சில் தந்ததால் அது நடந்தது. வட்டார ஒலிபரப்பாளர் ஆற்றக்கூடிய முதன்மையான சமூகப் பணி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

இரத்ததானக் குழுவை உங்கள் மகள் விட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழுவைப் பற்றிய செய்தியை அவர் தரக் கூடாது. அக்குழுவோடு தொடர்புள்ள மருத்துவமனை மீது புகார் எழுந்தால், தமக்குள்ள தொடர்பைச் செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, செய்தியை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நன்கொடை திரட்டுவது வேண்டவே வேண்டாம். இன்று நன்கொடை தந்த ஆலை உரிமையாளரிடமே நாளை ஆற்றில் கலக்கும் கழிவைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும்; கேள்வி நேராக இருந்தாலும் ஊர் நம்பாது. சில நிறுவனங்கள் செய்தியாளரையே விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வதும் இதே காரணத்தால் தவறு. வேலையில் சேரும் முன்பே அவர் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

கேள்வி: ஒரு வட்டாரத்து மக்களுக்காகவே இயங்கும் சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லையாமே! அங்கே இதழியல் படித்தவருக்கு என்ன வேலை?
– வாசகி ஒருவர், இராமநாதபுரம்

பதில்: அனுமதி இல்லை என்பது உண்மை, அது எனக்கு வருத்தம் தரும் விதி. ஆயினும் வானிலை, பேரிடர் எச்சரிக்கை, குடிநீர், மின்தடை, வேலைவாய்ப்பு போன்ற தகவல்களைத் தரத் தடையில்லை. உங்கள் மாவட்டத்துப் பாம்பனில் 2016இல் தொடங்கி 90.4 பண்பலையில் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே நடத்தப்படுகிறது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்குக் காற்றின் வேகத்தைச் சரிபார்த்து, பிழையின்றி, உரிய நேரத்தில் சொல்வதற்கு இதழியல் பயிற்சி முழுவதும் தேவை.

கேள்வி: பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரை மறைத்துவிட்டு, தெருவையும் பள்ளியையும் மட்டும் செய்தியில் சொல்லலாமா?
– மாவட்டச் செய்தியாளர் ஒருவர்

பதில்: கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயர், முகவரி, படம் ஆகியவற்றோடு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றை வெளியிடுவதையும் தடுக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தலைநகரிலிருந்து எழுதுபவரைவிட உங்களுக்கே இதில் கூடுதல் கவனம் வேண்டும். சிற்றூரில் தந்தையின் தொழிலைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினர் என்றால் அவர் பெயரைச் சொல்வதும் சிறுமியைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பெயரையும் விட்டுவிடுங்கள்.