கணினிச் சந்தேகங்கள்: சீட்டைப் பார்த்துச் சரக்கை இறக்குங்கள்

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினியில் உபுண்டு இயங்குதளம். பிரிண்டருக்காக ஒரு டெப் கோப்பை (உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் தொகுப்பு) இணையத்திலிருந்து இறக்கியிருக்கிறேன். நிறுவும் முன்பே அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க முடியுமா? போன முறை நிறுவியதை நீக்கியும் மிச்சம் மீதி போகவில்லை.

பதில்: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் கிடங்கில் 11 சீசன் கணக்கெழுதியவன் நான். சீட்டைப் பார்க்காமல் தார்ப்பாயை அவிழ்க்க விடமாட்டேன். லாரிக்காரர்கள் திட்டாத நாளில்லை. ஆகவே உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில் டிபிகேஜி என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் சிறிய சி, பிறகு கோப்பின் பெயர். எதுவும் நிறுவப்படாது. ஒவ்வொரு கோப்பும் எங்கே போய் உட்காரும், எவ்வளவு பெரிது, யாருக்கு உரிமை என்பது வரிவரியாக வரும்.

நிறுவிய பிறகு பார்க்க, அந்தச் சிக்குப் பதில் பெரிய எல். இங்கே கோப்பின் பெயரைக் கொடுத்தால் வேலைக்காகாது, தொகுப்பின் பெயர் வேண்டும். அந்தப் பெயரே தெரியாதா? சிறிய எல் போட்டால் கணினியில் உள்ள தொகுப்புகளெல்லாம் வரும். ஏதோ ஒரு கோப்பு எந்தத் தொகுப்பில் வந்தது என்று தேடப் பெரிய எஸ்.

ஆனால் வழியில் ஓட்டுநர் எங்கே நிறுத்தினார் என்று சீட்டில் இருக்காது. அதுபோல, நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்ட் (தொகுப்புக்குள் இருக்கும் கட்டளை வரிசை), நிர்வாகி உரிமையோடு புதிய கோப்புகளை உருவாக்கலாம். அவை பட்டியலில் வராது. அந்த ஸ்கிரிப்டைப் படிக்கப் பெரிய ஐ போட்டு, கோப்பின் பெயருக்குப் பின் போஸ்ட்இன்ஸ்ட் (postinst) என்று சேர்க்க வேண்டும். பெரிய ஐயும் சிறிய எல்லும் திரையில் இரட்டைப் பிள்ளைகள். நானே ஒருமுறை அரை மணி நேரம் ஏமாந்தேன்.

உங்கள் மிச்சம் மீதிக்கு வருவோம். சாதாரணமாக நீக்கினால் மென்பொருளின் அமைப்புக் (செட்டிங்ஸ்) கோப்புகள் தங்கிவிடும். பெரிய பி போட்டால் அவையும் போகும். உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் மென்பொருள் எழுதிவைத்தவற்றை டிபிகேஜி தொடாது. அவற்றை நீங்கள்தான் தேடி அழிக்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது மேக். இதே வேலைக்கு என்ன வழி? (ஓசூர் வாசகி)

பதில்: பிகேஜியூடில் (pkgutil) என்ற கட்டளை. இரண்டு சிறுகோடுகளுடன் பேலோட்-ஃபைல்ஸ் (payload-files), பிறகு பிகேஜி கோப்பின் பெயர். நிறுவியபின் வெறும் ஃபைல்ஸ் போதும், ஆனால் தொகுப்பின் அடையாளப் பெயர் தேவை. அது பிகேஜிஎஸ் என்று கேட்டால் கிடைக்கும்.