திருகோணமலையில வீட்டுக் காணியில பசுமைக்குடில் போட எது நல்லம்: பொலிகாபனேட்டா (கெட்டிப் பிளாஸ்டிக் தகடு), பொலித்தீனா, ஷேட் நெட்டா (நிழல் வலை)?

என்னைக் கேட்டா கூரைக்கு யூவி (வெயிலின்ர புற ஊதாக் கதிரைத் தாங்கிற மருந்து) போட்ட 200 மைக்ரோன் பொலித்தீன் (800 கேஜ் எண்டாலும் அதுதான்), நாலு பக்கமும் பூச்சி வலை. நான் நிலாவெளிப் பக்கம் கறிமிளகாயும் தக்காளியும் வைக்கிறனான், அந்த அனுபவத்திலதான் சொல்றன்.

யூடியூப்பில காட்டுற கண்ணாடி, பொலிகாபனேட் குடில் எல்லாம் குளிர் நாட்டுக்காரர் சூட்டைப் பிடிச்சு வைக்கப் போடுறது, எங்களுக்கு சூடு வெளிய போகோணும், இங்க குடில் போடுறதே மாரி மழையையும் வெள்ளை ஈயையும் மறிக்கத்தானே. அந்தக் காசை வலைக்கும் உயரத்துக்கும் போடுங்கோ. வெள்ளை ஈக்கு 40 மெஷ்ஷாவது (அங்குலத்துக்கு 40 கண்) வேணும், 50 இன்னும் நல்லா மறிக்கும், ஆனா கண் சின்னனாக சின்னனாக காத்தும் குறையும். ஷேட் நெட் மட்டும் போட்டா மழை அப்பிடியே உள்ள வரும். அதை மே, ஜூன் வெயிலுக்குப் பொலித்தீனுக்கு மேல கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டி, மாரியில கழட்டிடுங்கோ.

இங்க உண்மையான தலையிடி காத்துத்தான். கச்சான் காத்து தென்மேற்கால அடிக்கும், மாரி மழை வடகிழக்கால வரும், கூரை வாயை (சூடு வெளிய போக கூரையில விடுற திறப்பு) மேற்குப் பக்கம் வச்சீங்களெண்டா கச்சான் உள்ள பூந்து பொலித்தீனைத் தூக்கிடும், கிழக்குப் பக்கம் வச்சா மழைச்சாரல் பயிரில விழும். நான் சொல்றது, கிழக்குப் பக்கம் வச்சு, மழை நேரம் இறக்கி விடுற மாதிரி ஒரு சுருட்டுற சீலையும் போடுங்கோ.

பொலித்தீனைப் பிடிக்க ஆணி அடிக்க வேண்டாம், சட்டத்தில பூட்டுற சனலுக்குள்ள (தவாளிப்பு உள்ள உலோகப் பட்டி) வளைஞ்ச ஸ்பிரிங் கம்பியைப் போட்டு இறுக்கினா லேசில கிழியாது. இன்னொண்டு, பொலித்தீன் முதல்ல பழுதாகிறது நடுவில இல்லை, சுடுற ஜீஐ பைப்பில (நாகம் பூசின இரும்புக் குழாய்) படுற இடத்தில, அந்தக் கோடு மட்டும் மஞ்சளாகி மொறுமொறுண்டு வெடிக்கும். பைப்பின்ர மேல்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிங்கோ, இல்லாட்டி வெள்ளைத் துணி சுத்துங்கோ. கந்தக மருந்து அடிக்கடி அடிச்சாலும் யூவி சக்தி கெதியாப் போயிடும். யூவி இல்லாத சாதாரண பொலித்தீன் வாங்கவே வாங்காதீங்கோ, அது எங்கட வெயிலுக்கு ஒரு போகம் தாங்கிறதே கஷ்டம்.

2020 டிசம்பரில புரெவி வந்த மாதிரி புயல் எச்சரிக்கை வந்தா ஸ்பிரிங்கை உருவி பொலித்தீனைச் சுருட்டி வையுங்கோ, பயிர் நனைஞ்சாலும் பரவாயில்லை, பைப் சட்டம் தப்பும்.