பல் மருத்துவரிடம் வாய் திறக்கக் கூசுகிறது

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 39. சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். திருமணமாகிக் கோவைக்கு வந்தேன். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்தே என் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. எங்கள் ஊரில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் பல் அப்படித்தான் இருக்கும். அதனால் அது ஒரு குறை என்றே தெரியாமல் வளர்ந்தேன். கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகுதான் ஒருத்தி, “நீ பாக்குப் போடுவாயா?” என்று கேட்டாள். பிற்பாடு பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரும் அம்மாவைத் தனியாக அழைத்து அதையே கேட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் உப்பு, எலுமிச்சை, கரித்தூள், செங்கல்தூள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கறை அப்படியே இருக்கிறது. ஈறுதான் தேய்ந்து, தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது.

திருமணமான புதிதில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். நாற்காலியில் சாய வைத்து, விளக்கைப் போட்டு, வாயைப் பார்த்தவர், “பல் தேய்க்கும் பழக்கமே கிடையாதா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர் சிரித்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அதன்பிறகு எந்தப் பல் மருத்துவரிடமும் நான் வாயைக் காட்டியதில்லை.

இப்போது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து குழியாகிவிட்டது. இரவில் காதுவரை குடைகிறது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்கிறேன். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். மாத்திரை அட்டையைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். கணவர் பார்த்தால் அந்த நிமிடமே மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுவார். போன மாதம் துணிந்து ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்தேன். அங்கே கணவரின் சித்தி உட்கார்ந்திருந்தார். கட்டணம் விசாரிக்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன்.

ஊசிக்கும் பயம்தான். ஆனால் “இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்பார்களே, அதை நினைத்தால்தான் நெஞ்சை அடைக்கிறது. படித்தும் இப்படி ஒளிந்து திரிகிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரி,

கறையிலிருந்தே தொடங்குகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் உள்ளன. அது நிலத்தடி நீரில் கரைந்து கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பகுதியில் எத்தனையோ ஊர்களின் தண்ணீர் அந்த அளவைத் தாண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். 2013இல் காவிரித் தண்ணீர் வருவதற்கு வெகுகாலம் முன்பே உங்களுக்குப் பல் முளைத்துவிட்டது.

நிலைத்த முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலடுக்கு, குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால், எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு உருவாகும். பல் வெளியே வந்தபின் அந்தத் துளைகளில் கறை ஏறிப் பழுப்பாகும். இதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதைப் போலத்தான் இருக்கிறது. பல் மருத்துவர் நேரில் பார்த்து உறுதி செய்யட்டும். அதுதான் என்றால், பிரஷ் பிடிக்கத் தெரியாத வயதிலேயே, ஈறுக்கு உள்ளேயே உங்கள் பல்லின் நிறம் முடிவாகிவிட்டது. செங்கல்தூளால் போகக்கூடிய கறை இல்லை அது. தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள்.

அந்த மருத்துவர் கேட்க வேண்டியிருந்தது, “சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள்?” என்பதை. அவர் வேறொன்றைக் கேட்டார், அதுவும் நாலு பேர் காதில் விழும்படி. எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து படுத்திருக்கும் ஒருவரால் பதில்கூடச் சொல்ல முடியாது. அந்த நிலையில் பட்ட அவமானம் எளிதில் ஆறுவதில்லை. அதற்குப்பின் நீங்கள் விலகி நின்றதில் வியப்பேதும் இல்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடும் இதில் கிடையாது.

ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் பெர்க்ரென் என்ற ஆய்வாளர் 1984இலேயே இந்தச் சுழலை விவரித்திருக்கிறார். பயத்தால் போகாமல் இருக்கிறோம். போகாததால் பல் கெடுகிறது. கெட்ட பல்லைக் காட்ட வெட்கம் வருகிறது. அந்த வெட்கம் பயத்தை இன்னும் வளர்க்கிறது. உங்களுக்கு இது வெட்கத்தில் ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். வாசல்வரை போய்த் திரும்பியபோது பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். தப்பித்தோம் என்ற அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் திரும்பி வரச் சொல்கிறது. “எனக்குத் துணிச்சல் இல்லை” என்று உங்களைத் திட்டிக்கொள்வதைவிட, இது இப்படித்தான் இயங்குகிறது என்று தெரிந்துகொள்வது உதவும்.

இதை எங்கே உடைப்பது? கறையையும் கடைவாய்ப்பல்லையும் தனித்தனியாக்குங்கள். உங்கள் மனதில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. இப்போது நீங்கள் போகப்போவது உடைந்த ஒரு பல்லுக்காக மட்டும். முன்பற்களைப் பற்றிய பேச்சை நீங்களே முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடுங்கள். “நான் பென்னாகரம் பக்கம். பல்லில் உள்ளது தண்ணீரால் வந்த கறை. முன்பு ஒரு மருத்துவர் பலர் முன்னால் கடிந்து பேசியதால் பல வருடம் சிகிச்சைக்கு வரவில்லை. அதைப் பற்றி இன்று பேச வேண்டாம். இந்தப் பல்லை மட்டும் பாருங்கள்.” இதை ஒரு தாளில் எழுதி, நாற்காலியில் சாய்வதற்கு முன்பே மருத்துவரிடம் நீட்டுங்கள். வாயால் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. கதவைச் சாத்தச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

“எவ்வளவு நாளாக வலிக்கிறது?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அது குற்றச்சாட்டு இல்லை. நரம்பு உயிரோடு இருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று கணிக்க அவர்களுக்கு அது தேவை. உண்மையைச் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை போட்டீர்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். அதைப் பொறுத்துத்தான் அவர் மருந்து எழுதுவார்.

சித்தியைப் போலத் தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்றால், வேறு பகுதியில் ஒரு மருத்துவரைத் தேடி, காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் பார்த்துச் சொல்வது மட்டும் போதும், கருவி எதுவும் வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். செலவு கவலை என்றால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் கட்டணம் குறைவு. அங்கே மாணவர்கள் பார்ப்பதால் நேரம் கூடுதலாக ஆகும், ஆட்களும் சுற்றி நிற்பார்கள். உங்களுக்கு அது ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பயம் என்றும் எழுதியிருந்தீர்கள். குத்தும் இடத்தில் முதலில் மரத்துப்போகும் களிம்பைத் தடவச் சொல்லுங்கள். இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். முதல் முறை கை தூக்கும்போது அவர் உண்மையிலேயே நிறுத்தினால், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். நிறுத்தாதவரிடம் மறுபடி போக வேண்டாம்.

தள்ளிப்போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வலி திடீரென்று நின்றால் குணமானதாக நினைத்துவிடாதீர்கள். நரம்பு செத்து, கிருமி வேருக்குக் கீழே இறங்கியிருக்கலாம். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், வெட்கம், நேரம் எதையும் பார்க்காமல் அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இப்போதே போனால், வேர் சிகிச்சை செய்து உறை போட்டுப் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கும். இன்னும் தள்ளினால், பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

கணவரிடம் சொல்லிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அவர் உங்களை இழுத்துக்கொண்டு போவார் என்று அஞ்சுகிறீர்கள். அவர்மேல் உங்களுக்கு வேறு குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. “நான் வருகிறேன், ஆனால் நாளையும் மருத்துவரையும் நான்தான் முடிவு செய்வேன்” என்று சொல்லிப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது பெரிய துணை.

முன்பற்களின் நிறத்தை மாற்ற இப்போது பல முறைகள் இருக்கின்றன. எனாமலின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுப்பது, வெளுக்கச் செய்வது, பல்லின் நிறத்திலேயே பூச்சோ மெல்லிய ஓடோ ஒட்டுவது என்று கறையின் ஆழத்தைப் பொறுத்துச் செய்வார்கள். கடைவாய்ப்பல் சிகிச்சை முடிந்து, அந்த மருத்துவரிடம் உங்களுக்கு நம்பிக்கை பிறந்தபின், நீங்கள் விரும்பினால் மட்டும் அதைப் பற்றிக் கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம். இந்த வாரத்துக்கு ஒரு பல் போதும்.