வெளிவராத கேமராவைப் பரிசளிக்கலாமா?

கேள்வி: என் தம்பி கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பறவைகளைப் படமெடுப்பவன். அடுத்த மாதம் அவனுக்குத் திருமணம். அவன் ஆசைப்படும் கேமரா அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அதையே பரிசளிக்க முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முடியும், ஆனால் திருமண நாளில் கையில் கேமரா இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். முன்பதிவு செய்து, அந்த ரசீதைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்பதில் குறையொன்றும் இல்லை. விற்பனைத் தேதி தள்ளிப்போனாலோ தம்பி மனம் மாறினாலோ முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; இந்திய உத்தரவாதம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது லென்ஸ். உதாரணமாக, கேனான் நிறுவனம் 2018-இல் ஆர்எஃப் (RF) என்ற புதிய லென்ஸ் இணைப்புக்கு மாறியது. பழைய இஎஃப் (EF) இணைப்பு லென்ஸ்களை அவ்வகைக் கேமராக்களில் பொருத்த, இடையில் மாட்டும் அடாப்டர் வேண்டும். தம்பியிடம் இருப்பவை எந்த வகை என்பதை அவருக்குத் தெரியாமல் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. புதிய கேமரா எடுக்கும் ரா (RAW) எனப்படும் பதப்படுத்தாத படக் கோப்புகளைப் பழைய மென்பொருள் உடனே திறக்காமலும் போகலாம்.

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகின்றன. அந்தப் பருவத்துக்குள் கேமரா வந்துசேருமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வராது என்றால், இப்போதைக்கு ஒரு நல்ல முக்காலியை வாங்கிக் கொடுங்கள். அது எந்தக் கேமராவுக்கும் உதவும்.