எந்த பெடல் வாங்கலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மாதமாக ஜாய் டிவிஷன், தி க்யூர், சூஸி அண்ட் த பான்ஷீஸ் என்று எழுபதுகளின் கடைசியில் கிளம்பிய இங்கிலாந்து ராக் குழுக்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிட்டார் தண்ணீருக்கடியில் இருந்து வருகிற மாதிரி, ஜில்லென்று கேட்கிறது. என்னிடம் இருக்கும், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை எவ்வளவு திருகியும் அந்தச் சத்தம் வரவில்லை. வேறு எந்த பெடல் வாங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த டிஸ்டார்ஷனை அணையுங்கள், பாதி வேலை முடிந்தது. வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்கள் வைத்த ஆம்ப்ளிஃபையர்) தாங்கமாட்டாமல் கரகரக்கும்போது வருகிற சூடுதான் ராக் கிட்டாருக்கு அழகு என்று இருந்த காலத்தில், இவர்கள் வேண்டாம் என்று தள்ளியதே அதைத்தான். அதே காலத்து கேங் ஆஃப் ஃபோர் குழுவின் கிட்டாரிஸ்ட் ஆண்டி கில்லுக்கு வால்வு ஆம்பே பிடித்ததில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். 1979இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் அவருடைய கிட்டார் தகரம் வெட்டுவது போல இருக்கும், எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சரி, அந்தத் தண்ணீர்ச் சத்தம். அது கோரஸ், ஃப்ளேஞ்சர் என்ற இரண்டு எஃபெக்டுகளின் வேலை. அந்தக் காலத்து பெடல்களில் இரண்டுக்குள்ளும் இருப்பது 'பக்கெட் பிரிகேட்' என்ற சில்லு. கூரை பற்றிக்கொண்டால் கிணற்றடியில் இருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அப்படித்தான் சிக்னலும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் நூற்றுக்கணக்கான கெப்பாசிட்டர்களில் கைமாறிச் சில மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். கைமாற்றும் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைத்தால் சுருதி லேசாக ஆடும், அதை அசலோடு கலந்தால் கோரஸ். தாமதத்தை இன்னும் குறைத்து, வெளியே வந்ததில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டால் ஜெட் கடந்துபோகிற மாதிரி ஒரு வீச்சு, அது ஃப்ளேஞ்சர். பான்ஷீஸில் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்யோக் கையாண்டது எம்எக்ஸ்ஆர் கம்பெனியின் ஃப்ளேஞ்சர். தி க்யூரின் ராபர்ட் ஸ்மித் வாசித்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்பில் (1975இல் வந்தது, இதுவும் டிரான்சிஸ்டர்) கோரஸ் உள்ளேயே உண்டு. ஒரு ஸ்பீக்கரில் அசல், இன்னொன்றில் ஆடுகிற நகல், இரண்டும் கலப்பது அறையின் காற்றில்.

அப்புறம் ஒரு விஷயம். ஜாய் டிவிஷனில் நீங்கள் கிட்டார் என்று நினைத்துக் கேட்பதில் பாதி, பீட்டர் ஹூக்கின் பேஸ் கிட்டார். கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் சம்னரின் ஆம்ப் போட்ட சத்தத்தில் கீழ் ஸ்வரங்கள் தன் காதிலேயே விழவில்லை என்பதால்தான் ஹூக் மேல் ஸ்வரங்களுக்கு ஏறி வாசிக்க ஆரம்பித்தார், அதன்மேல் ஒரு கோரஸ் பெடலையும் போட்டுக்கொண்டார். அதனால் கோரஸ் பெடல் ஒன்று வாங்குங்கள். ஜாய் டிவிஷன்தான் வேண்டுமென்றால் கூடவே பேஸ் வாசிக்கிற ஒரு நண்பரையும் தேடுங்கள்.